பெரட்டுக்கு வந்த நிழல்

1907ஆம் ஆண்டு இலங்கையில் ஹல்துமுல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து மீனாம்பாள் ஓடிப்போன அன்று காலை, அவளுடைய நிழல் மட்டும் வழக்கம்போல் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வந்து பெண்கள் வரிசையில் நின்றது. முதுகில் கூடை இருந்தது, இடது காலைச் சாய்த்து நிற்கும் நிற்பும் இருந்தது, ஆளைத்தான் காணோம். புருஷன் செத்த வருடமே லிங்கம் கங்காணி அவளைத் தன் தம்பிக்குக் கட்டிவைக்கப் பேசி முடித்திருந்தார். அது பிடிக்காமல்தான் ஓடினாள். பிடிபட்டால் வேலையை விட்டு ஓடிய குற்றத்துக்குப் பதுளைச் சிறை, பிறகு மறுபடி இதே லயத்து வரிசைவீடு, இதே தம்பி.

காட்டிக்கொடுப்பாள் என்று எல்லோரும் பார்த்தது ராமலட்சுமியை. பக்கத்து வீட்டுக்காரி. கோழிக்கும் குப்பைக்குமாக இருவருக்கும் வருடக்கணக்கில் சண்டை. குதிரைமேல் துரை பார்த்துக்கொண்டிருக்க, கங்காணி மீனாம்பாள் பெயரைக் கூப்பிட்டார். ராமலட்சுமி நகர்ந்து நிழலின் கால்மாட்டில் போய் நின்று, "இருக்கேங்க" என்றாள். மீனாம்பாளின் குரல்தான் வந்தது.

கங்காணி அருகே வந்து நின்றார். ஒருத்தி காலடியில் இரண்டு நிழல்கள் கிடந்தன. தம்பிக்குப் பேசிய பெண் ஓடிவிட்டாள் என்று துரை முன்னால் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. "ஆள் சரிங்க தொரை" என்றார். அதன்பின் தேட ஆள் அனுப்பினால் தம் பொய் வெளிப்படும் என்பதால் அனுப்பவும் இல்லை. பிடிக்க வேண்டியவரே அவளுக்குக் காவலாகிப்போனார்.

ஏன் இப்படிச் செய்தாய் என்று லயத்துப் பெண்கள் ராமலட்சுமியைக் கேட்டார்கள். "புடிச்சுட்டு வந்தா எங்க விடுவாங்க? எம் பக்கத்து வீட்டுலதான" என்றாள். அதை எல்லோரும் நம்பினார்கள். அவளும் நம்பினாள். ஆனால் அன்று மாலையே, மீனாம்பாள் வீட்டுக்குத் திரும்பியிருந்த நிழலை வாசலில் நின்று திட்டத் தொடங்கி, தினமும் திட்டினாள்.

மறு வருடம் பண்டாரவளையிலிருந்து துணி விற்க வந்த புஹாரி, ஹாலிஎலையில் மீனாம்பாள் ஆப்பக்கடை வைத்திருப்பதை ராமலட்சுமியிடம் மட்டும் சொன்னார்.

"மெலிஞ்சிருக்காளா?" என்று கேட்டாள் அவள்.

நன்றாக இருக்கிறாள், வெயிலில் நிழல்தான் விழுவதில்லை என்றார் புஹாரி. "நிழலைக் கொண்டாந்து தரவான்னு கேட்டேன். 'அங்கனயே இருக்கட்டும் பாய், ராமலட்சுமிக்குச் சண்டை போட ஆள் வேணும்'னு சொல்லிட்டா."

அன்று மாலை ராமலட்சுமி நிழலை வழக்கத்தைவிட அதிக நேரம் திட்டினாள்.

பிறகு மீனாம்பாள் இருந்த வீட்டுக்குப் புதுக் குடும்பம் ஒன்று குடிவந்தது. ஒரு மூலையை நிழலுக்கு விட்டுவிட்டு, மீதி இடத்தில் அடுப்பு வைத்துக்கொண்டார்கள்.