தம்பி மாற்றிய சைலன்சர்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது நான் யோசித்துக் கண்டுபிடித்த கதை இல்லை. அக்கா போனில் தம்பியைத் திட்டித் தீர்த்தபோது பக்கத்தில் இருந்தேன், அவ்வளவுதான். முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

பைக் தெருமுனையில் உறுமியதும் பறவைகள் எல்லாம்...

(பறவைகள் வேண்டாம். அந்தத் தெருவில் இருப்பது மின்கம்பிகள்தான்.)

2

தம்பி தன் பைக்கின் பழைய சைலன்சரைக்* கழற்றிவிட்டு, உள்ளே தடுப்பே இல்லாத குட்டைக் குழாய் ஒன்றை மாட்டியிருந்தான். சத்தம் தெருவையே தூக்கியது. வேகம்தான் ஏறவில்லை. மேம்பாலம் ஏறினால் வண்டிக்கு மூச்சு வாங்கியது; ஆக்சிலேட்டரை விட்டால் பட்பட்டென்று வெடித்தது.

"புகை போற வழியத் திறந்துட்டீங்க, பெட்ரோல் வர்ற அளவ மாத்தலையே. சத்தம் மட்டும்தான் மிச்சம்" என்றார் மெக்கானிக்.

(* தமிழில் எழுதுகிறோமே என்று அவரிடம் 'புகைபோக்கி' என்றேன். பரிதாபமாகப் பார்த்தார்.)

இதுவரை சிரிப்புக் கதை. ஆனால் அக்காவின் ஐந்து மாதக் குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று சந்தேகம் வந்திருந்தது. முதல் பரிசோதனை சரியாக வரவில்லை. இன்னொன்றுக்குக் காத்திருந்தார்கள். அக்கா சிரிப்பதையே விட்டிருந்தாள். (இந்த வாக்கியத்தை அலங்கரித்துப் பார்த்தேன். ஒட்டவில்லை.)

3

ஒரு மதியம் தம்பி வாசலில் வண்டியைக் கிளப்பினான். குழந்தை திடுக்கிட்டு வீறிட்டது.

"கேக்குதுக்கா! பாப்பாவுக்குக் கேக்குது!" ஹெல்மெட்டோடு உள்ளே ஓடிவந்தான்.

"ஜன்னல் கண்ணாடியே அதிருதுடா. கட்டிலும் ஆடுச்சு. அதுல பயந்து அழுதிருக்கும்" என்றாள் அக்கா. "எனக்கு ஆசை காட்டாத."

இங்கேயே முடிக்கலாம், வாசகரே. கனமான முடிவு. இலக்கியக் கூட்டங்களில் தலையாட்டுவார்கள். நானும் முடித்துப் பார்த்தேன். தம்பிதான் முடிக்க விடவில்லை.

4

வண்டியை எடுத்துக்கொண்டு போனவன், சாயங்காலம் பழைய சைலன்சரை மாட்டிக்கொண்டு வந்தான். வண்டியைத் தெருவின் எதிர்ப்பக்கம் நிறுத்தினான். அக்கா குழந்தையை ஜன்னலுக்கு முதுகு காட்டி மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கையைக் கண்ணாடியில் பதித்தாள்.

தம்பி வண்டியை ஸ்டார்ட் செய்தான். அன்றைக்கு அக்கா பக்கத்தில் நின்றிருந்த எனக்கே லேசாகத்தான் கேட்டது. கண்ணாடி அதிரவில்லை.

குழந்தை விரல் சப்புவதை நிறுத்திவிட்டு, மெல்லத் தலையைத் திருப்பியது.

தற்செயலாக இருக்கலாம் என்கிறீர்கள். அக்காவும் நம்பவில்லை. "நிறுத்து! மறுபடி போடு!" என்று கத்தினாள்.

மறுபடியும் திரும்பியது. மறுபடியும்.

"டேய் தடியா, போதும்டா, உள்ள வா!" அக்கா சிரித்துக்கொண்டே அழுதாள். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

5

அடுத்த பரிசோதனையில் டாக்டர் என்ன சொன்னார் என்று

இல்லை, அதை எழுதப்போவதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். போன வாரம் அக்கா வீட்டுக்குப் போய் அழைப்புமணியை அழுத்தினேன். கதவைத் திறந்தவள் என்னை முறைத்து, உதட்டில் விரல் வைத்தாள்.

"மெதுவா! இப்பத்தான் தூங்கினா."

மீதியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கொஞ்சம் சத்தமில்லாமல்.