பெட்டிக்குள் போட்ட சீட்டு

முப்பத்தொரு வருஷமாக மார்ச் பதினாலாம் தேதி எனக்குச் சிரமமே இல்லாத நாள். பிப்ரவரி பதினாலில் பஸ் டிப்போவில் இருக்கும் பெண்கள் டிரைவர்களான எங்களுக்குச் சாக்லேட் தருவார்கள். காதலும் இல்லை கத்தரிக்காயும் இல்லை, கூட வேலை பார்ப்பவர்களுக்குச் செய்கிற மரியாதை. ஒரு மாதம் கழித்து நாங்கள் பதிலுக்கு இனிப்பு கொடுக்க வேண்டும். அதை வாங்கி, காகிதம் சுற்றி, பேர் எழுதிப் பையில் போட்டுத் தருவது என் மனைவி யாசுயோ. எங்கள் மாட்சுயே ஊரில் பாதி வீட்டில் இப்படித்தான். பையைத் தூக்கிக்கொண்டு போவது மட்டும்தான் என் வேலை.

இந்த ஜனவரியில் அவள் வாசல் பனியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். இரண்டு மாதமாக ஆஸ்பத்திரிதான். பார்க்க விடுவது மூன்று மணிக்கு மேல். அந்த நேரத்தில் என் பஸ் ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டிருக்கும். டியூட்டி போடும் மிசோகுச்சி அம்மா, நான் வாயைத் திறந்து கேட்பதற்கு முன்னாலேயே, எனக்கு விடிகாலை வண்டியாகவே போட்டுவிட்டார். ஆபீஸில் இருக்கும் அயானோ என்கிற பெண், சாயங்கால வண்டிக்கு மற்ற டிரைவர்களைக் கெஞ்சிக் கூத்தாடிப் பிடித்தாள்.

நானோ ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. எனக்கு வாயில் சுலபமாக வருவது கத்தல் ஒன்றுதான். நான் கத்தினால் டிப்போவில் யாராவது ஓர் அரிசி பிஸ்கட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டுப் போவார்கள். அது அவர்களுடைய பைத்தியக்காரத்தனம் என்று விட்டிருந்தேன்.

இந்த இனிப்பையாவது ஒழுங்காகக் கொடுத்து நன்றியைக் காட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் நான் மனுஷனே இல்லை என்று தோன்றியது. "என்னென்ன வாங்கணும்னு எழுதித் தரவா?" என்று யாசுயோ படுக்கையிலிருந்து கேட்டாள். "எனக்குத் தெரியாதா?" என்று எரிந்து விழுந்தேன். நேராகக் கடைக்குப் போய், வெள்ளை வெளேரென்று பஞ்சு மாதிரி இருந்த மார்ஷ்மெல்லோ என்ற இனிப்பில் இரண்டு பெட்டி வாங்கினேன்.

பதினாலாம் தேதி என் டியூட்டி முடிந்ததும் ஆளுக்கொன்றாகக் கொடுத்தேன். திறந்து பார்த்த மிசோகுச்சி அம்மாவின் முகம் ஒரு மாதிரி ஆனது.

"குராமோச்சி சார், இத நீங்களேதான் வாங்குனீங்களா?"

"பின்ன, என் மாமனாரா வந்து வாங்குவாரு?"

அயானோ வாயைப் பொத்தியும் சிரிப்பு பீறிட்டது. "சார், பதிலுக்கு மிட்டாய் குடுத்தா புடிச்சிருக்குன்னு அர்த்தம். பிஸ்கட் குடுத்தா சிநேகிதம். மார்ஷ்மெல்லோ குடுத்தா, உன் மூஞ்சியே எனக்குப் புடிக்கலன்னு அர்த்தம்!"

"ரெண்டு மாசம் டியூட்டி மாத்திப் போட்டதுக்கு நல்லா குடுத்தீங்க போங்க" என்றார் மிசோகுச்சி அம்மா.

எனக்குக் காதெல்லாம் சுட்டது. "திங்கிற பண்டத்துக்கெல்லாம் எவன் அர்த்தம் வச்சான்!" என்று கத்தினேன். அயானோ மேஜை டிராயரைத் திறந்து ஓர் அரிசி பிஸ்கட்டை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"எப்பப் பாரு இது எதுக்கு?"

மிசோகுச்சி அம்மா என் பெட்டியைக் கவிழ்த்து உதறிக்கொண்டிருந்தார். "சீட்டு வைக்கலையா?"

"என்ன சீட்டு?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மிசோகுச்சி அம்மா தன் டிராயரிலிருந்து ரப்பர் பேண்ட் போட்ட ஒரு சின்னக் காகிதக் கட்டை எடுத்து நீட்டினார். பத்தொன்பது வருஷமாக இனிப்புப் பெட்டிக்குள் வந்த சீட்டுகள். எல்லாம் யாசுயோவின் கையெழுத்து.

முதல் சீட்டில் இப்படி இருந்தது: 'இவர் கத்தினால் அது கோபமில்லை, பசி. தயவுசெய்து ஓர் அரிசி பிஸ்கட் கொடுங்கள்.' இன்னொன்றில்: 'மழை நாளில் இவருக்குத் தோள் வலிக்கும். சொல்ல மாட்டார்.'

அயானோவும் தன் பர்ஸிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். 'நீங்கள் போட்ட புது டைம்டேபிள் அருமை என்று வீட்டில் சொன்னார். உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். அதனால் நான் சொல்கிறேன்.'

"வேலைய விட்டுடலாம்னு இருந்தேன் சார், அந்த வருஷம்" என்றாள்.

இத்தனை வருஷமும் என் யோக்கியதைக்காகத்தான் இவர்கள் என்னைப் பொறுத்துக்கொண்டார்கள் என்று நினைத்திருந்தேனே, முட்டாள்! எழுந்து நின்று இடுப்பு மடங்கக் குனிந்தேன். "உங்க ரெண்டு பேராலதான் தினமும் அவளப் பாக்க முடிஞ்சுது. ரொம்ப நன்றி."

"ஐயையோ, அயானோ, இன்னொரு பிஸ்கட் எடு. சாருக்கு உடம்பு சரியில்ல" என்றார் மிசோகுச்சி அம்மா. அவர் கண் கலங்கியிருந்தது.

"சரி, உங்க வீட்டம்மாவுக்கு என்ன வாங்குனீங்க சார்?" என்று கேட்டாள் அயானோ.

அவளுக்கு எதுவும் வாங்க எனக்குத் தோன்றவேயில்லை. யாசுயோவும் வருஷா வருஷம் எனக்குச் சாக்லேட் தந்திருக்கிறாள். இந்த வருஷம்கூட வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரியின் கீழ்த்தளக் கடை வரைக்கும் நடந்துபோய் வாங்கி வைத்திருந்தாள். டிப்போவுக்கே பதில் வாங்கிக் கொடுத்தவளுக்கு ஒருவரும் பதில் கொடுத்ததில்லை.

வழியில் ஒரு பாட்டில் மிட்டாய் வாங்கினேன். ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சில் உட்கார்ந்து மூன்று காகிதம் கிழித்து நாலாவதில் ஒருவழியாக எழுதி முடித்தேன்.

யாசுயோ பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "யாருக்கு வாங்குனது இது? டிப்போல குடுக்க மறந்துட்டீங்களா? பேர்கூட எழுதலையே. ஐயோ, காகிதம் சுத்தியிருக்கிற லட்சணத்தப் பாரு!"

"உனக்குத்தான்."

"எனக்கா?"

சீட்டைப் பிரித்தாள். 'இவர் பேசாமல் இருந்தால் மறந்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம். முப்பத்தொரு வருஷத்துக்கும் நன்றி.'

படித்தவள் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள். உள்ளே தோள் குலுங்கியது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

"என்னாச்சு? இடுப்பு வலிக்குதா? நர்ஸக் கூப்பிடவா? சொல்லித் தொலையேன்!" என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

போர்வைக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்தது. விரல் இடுக்கில் உறை பிரித்த ஒரு மிட்டாய்.

"உங்களுக்குப் பசி. வாயத் திறங்க" என்றாள்.

திறந்தேன்.