சிவப்பு அணைந்த பிறகு

...தெரியும் என்றுதான் சொன்னார் வார்டு சிஸ்டர், 'பன்னெண்டாம் பெட்டு பொட்டாசியம்தானே, தெரியும்மா, காலையிலயே டாக்டர்கிட்ட சொல்லியாச்சு', நான் புது எண்ணைச் சொல்லுமுன் போனை வைத்துவிட்டார், திரையில் அந்தப் பன்னிரண்டாம் படுக்கைப் பெரியவரின் பெயர் சிவப்பாய்க் கண்சிமிட்டியது, கீழே மூன்று ஆங்கிலக் கட்டங்கள், 'இன்ஃபார்ம்டு' என்றால் காதில் போட்டாயிற்று, 'நோன்' என்றால் முன்பே தெரியும், 'அண்டர்ஸ்டுட்' என்றால் கேட்டவர் எண்ணைத் திருப்பிச் சொல்லிவிட்டார், இந்தக் கடைசிக் கட்டத்தை அழுத்தினால்தான் சிவப்பு அணையும், லேபில் சேர்ந்த அன்று எனக்குச் சிரிப்பு வந்தது, எல்லாம் ஒன்றுதானே, எதற்கு மூன்று... எதிர் மேசை சீனியர் அக்கா நிமிராமலே கேட்டார், 'ஏ ஊமைக்கோட்டான், இன்னும் சிவப்பா, என்னவாம்?' தெரியுமாம் என்றேன். 'அப்புறமென்ன, அமுக்கிட்டு அடுத்த டியூபப் பாரு.' 'அண்டர்ஸ்டுட்' கட்டத்தை அமுக்கினேன்.

காலையிலயே என்றாரே... காலை ரத்தத்தில் ஐந்து புள்ளி ஆறு, கொஞ்சம்தான் கூடுதல், இது ஒரு மணிக்கு எடுத்தது, ஏழு புள்ளி இரண்டு, மெஷினில் இருமுறை ஓட்டிப் பார்த்தேன், சிவப்பணு உடைந்த நிறமில்லாமல் சீரம் தெளிவாக இருந்தது, எண் பொய்யில்லை, இந்த அளவில் இதயம் சொல்லாமல் நின்றுவிடும், பரீட்சையில் இதை எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன், பத்து நிமிடம் முன்பு லேப் ஜன்னலில் பெரியவருடைய மகள், 'அப்பா ரிப்போர்ட் வந்துருச்சாங்க, பயப்பட ஒண்ணுமில்லன்னு சிஸ்டர் சொன்னாங்க', நான் தலையாட்டினேன், எதற்கு ஆட்டினேன், பேச வேண்டியிருக்கும் என்று பயந்தா... சிஸ்டருக்குத் தெரிந்தது காலையின் எண், அப்படியென்றால் டாக்டருக்கும் அதுதான், மகளுக்கு அதுவும் இல்லை. வார்டை மறுபடி அழைக்கிறேன், மணி போகிறது, எடுக்கவில்லை, அக்கா திரும்புகிறார், 'அதான் அணைஞ்சிருச்சுல்ல, அப்புறம் யாருக்குப் போன்?' ஆமாம், அணைந்துவிட்டது, இனி யாரும் என்னைக் கேட்கமாட்டார்கள், கட்டத்துக்கு எதிரே சிஸ்டரின் பெயர், நான் அமுக்கிய நேரம் இரண்டு பத்து, இப்போது இரண்டு முப்பத்தொன்று, வார்டு இருக்கும் மேல் மாடியில் ஏதோ வண்டியின் சக்கரங்கள் வேகமாக உருள்கின்றன, எதுவாகவும் இருக்கலாம், எந்தக் கட்டிலுக்கும் போகலாம், மணி போய்க்கொண்டே இருக்கிறது, இந்தக் கட்டிடத்தில் அந்த எண்ணை அறிந்தவள் நான் ஒருத்திதான்...