முப்பத்தாறு புளியங்கொட்டைகள்

எழுபத்திரண்டாவது சுற்று முடிகிற இடத்தில் பூமாரியின் இடது இடுப்புக்குள் ஏதோ நழுவியது. சுற்றுக் கணக்குக்காக மடியிலிருந்து ஒரு புளியங்கொட்டையை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு, பிரகாரச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆடித் தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறியதிலிருந்து கோயிலில் சுற்றுகிற கூட்டம் ஓயவில்லை. கோமதியம்மனுக்கு அவள் நேர்ந்தது நூற்றெட்டுச் சுற்று.

உடம்பே உடம்பை எதிரியாக நினைத்துத் தாக்குகிற நோய் அவளுக்கு. ஆறு வருடமாக மாத்திரை. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு முறையும் நர்ஸ் ஜாய்ஸ் இரண்டு தாள்களை நிரப்புவாள். நோய் இப்போது எவ்வளவு வேகமாக இருக்கிறது என்பது முதல் தாள்; நோயும் மருந்தும் உடம்பில் விட்டுப்போன ஆறாத சேதம் இரண்டாவது. முதல் தாளில் பதினெட்டில் தொடங்கிய எண் போன மாதம் பூஜ்யமாகிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில்தான் இந்த நேர்ச்சை.

"ரெண்டாவதையும் எழுதிருவோம்மா," என்றாள் ஜாய்ஸ் அன்று. "இடுப்பு, தொடையில வலி உண்டா? இந்த மாத்திர சிலருக்கு எலும்ப உள்ளுக்குள்ளயே சாகடிச்சிரும்."

"இல்ல சிஸ்டர்."

"மறைக்காதிய. மொதத் தாள்ல நம்பர் ஏறும், இறங்கும். இதுல ஏறுனா இறங்காது."

வைகாசியிலிருந்தே தொடை இடுக்கில் வலி. சொன்னால் கிடைத்த பூஜ்யம் கலைந்துவிடுமோ என்று பயந்தாள். தறிக்கு முன்னால் நாளெல்லாம் நிற்கிற வலிதான் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

"ஏட்டி, என்ன செவுத்துக்கு முட்டுக் குடுத்துட்டு நிக்க? கோயிலு சாஞ்சிருமா?"

அதே தறிக்கூடத்தில் வேலை பார்க்கும் மாரித்தாய். பூமாரி சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"காலு வரமாட்டேங்கு மயினி."

மாரித்தாய் அவளைத் தாங்கி, தூணருகே உட்கார வைத்தாள். "எப்ப இருந்து?"

"வைகாசியில இருந்து."

"ஆஸ்பத்திரியில சொன்னியா?"

பூமாரி தரையைப் பார்த்தாள். "நோய் சைபர்னு சொன்னாவ மயினி. அதக் கெடுத்துக்கிட வேண்டாம்னு..."

மாரித்தாய் திட்டவில்லை. முந்தானையால் அவள் முகத்து வேர்வையைத் துடைத்துவிட்டாள். "அந்த சிஸ்டரு நம்பர் இருக்குல்லா? இப்பவே பேசு. மிச்சத்த நான் சுத்துதேன். அம்மன் யாரு காலுன்னா பாத்துக்கிட்டு இருக்கா?"

மீதி முப்பத்தாறு கொட்டைகளையும் தன் மடியில் கட்டிக்கொண்டு, கூட்டத்தோடு கூட்டமாய் நடந்தாள்.

பூமாரி போனைக் காதில் வைத்தாள். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டிருந்தது. நீட்டிய இடது கால் பாதம் தானாக வெளிப்பக்கம் சாய்ந்து கிடந்தது. கையால் பிடித்து நேராக நிறுத்தினாள். விட்டதும் மறுபடி சாய்ந்தது.