உட்கார்ந்து சிரிக்க ஒரு நாற்காலி

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு சட்டையிலிருந்து கிளம்பியது. தையல் கடையிலிருந்து வாங்கி வந்த புதுச் சட்டை. ஒரு கூட்டத்தில் பேசப் போக வேண்டும், அவசரம். கையை விட்டேன். உள்ளே போன கை வெளியே வரவில்லை. இன்னொரு கைக்கும் அதே கதி. இரண்டு கைகளின் முனையையும் பொடித் தையல் போட்டு அழகாக மூடி வைத்திருந்தது. தலையணை உறையைக்கூட யாரும் இவ்வளவு நேர்த்தியாகத் தைக்க மாட்டார்கள்.

கோபம் தலைக்கேறக் கடைக்குப் போனேன். தையல்காரம்மா சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தூக்கத்துல தச்சிருக்கேன் சார்.”

“தூங்கிட்டே தைப்பீங்களா?”

“கண்ணு திறந்திருக்கும், கால் மிஷினை மிதிச்சிட்டே இருக்கும். நான்தான் இருக்க மாட்டேன். எனக்கு நார்கொலெப்ஸின்னு ஒரு வியாதி. தூக்கம் நேரங்காலம் பார்க்காம வந்து உட்கார்ந்துக்கும். முன்னெல்லாம் மிஷின் ரிப்பேருன்னு புளுகிடுவேன். இந்த வாரம் யாராவது ஒருத்தர்கிட்டயாவது மறைக்காம சொல்லிப் பாருங்கன்னு மனநல ஆலோசகர் சொல்லியிருந்தாங்க. நல்லவேளை, நீங்க வந்தீங்க.”

சண்டை போடப் போனவன் அந்தம்மாவின் வீட்டுப்பாடமாகித் திரும்பினேன்.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

உறக்கம் என்பது இயற்கை மனிதனுக்கு அளித்த— (போதும். கட்டுரைப் போட்டிக்கா எழுதுகிறேன்?)

அவள் கண்களில் ஒரு தீராத சோகம்— (அந்தம்மா கண்ணில் இருந்தது தூக்கம். சோகத்தை நான் ஏற்றக் கூடாது. “எழுதறதா இருந்தா எழுதுங்க, ஆனா அழுமூஞ்சியா எழுதிடாதீங்க” என்று அனுமதி கொடுக்கும்போதே எச்சரித்திருக்கிறார்.)

தையல்காரம்மா விழுந்து விழுந்து சிரிப்பார்.

இது நிற்கட்டும். நமக்கு அது பேச்சு வழக்கு, அவருக்கு அப்படியே நிஜம். நன்றாகச் சிரித்தால் உடம்பில் பலம் இறங்கிவிடும். தாடை தொங்கும், முழங்கால் மடங்கும். நினைவு மட்டும் தப்பாது. சுற்றிப் பேசுவதெல்லாம் காதில் விழுந்துகொண்டே இருக்கும். கொஞ்ச நேரத்தில் சரியாகி எழுந்துவிடுவார். இதுவும் அதே வியாதியின் வேலைதான்.*

* டாக்டர் மாத்திரை கொடுத்து, மத்தியானம் குட்டித் தூக்கம் போடச் சொன்னார். துணி வெட்டும் மேசைக்குக் கீழேதான் படுக்கை. வாசலில் ‘தூங்குகிறேன், பிறகு வரவும்’ என்று அட்டை தொங்கும். (அட்டை என் கற்பனை. படித்துக் காட்டினேன். “நல்லாருக்கே” என்று மறுநாளே மாட்டிவிட்டார்.)

3

அவர் கணவர் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். நாள் முழுக்க ஊராரிடம் மன்னிப்புக் கேட்கிற உத்தியோகம். வீட்டுக்கு வந்தாலும் அதே குரல்தான்: “பயணிகள் கவனத்திற்கு. சமையலறையிலிருந்து வரவேண்டிய டீ, பால் பொங்கி வழிந்த காரணத்தால் தாமதமாக வந்து சேரும். வருந்துகிறோம்.” அடுப்படியில் தையல்காரம்மா சிரிப்பார். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீடு இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஒருநாள் மாடிப்படியில் வைத்து ஓர் அறிவிப்பு. அந்தம்மா சிரித்தார், கால் மடங்கியது, உருண்டார். நெற்றியில் தையல். (“அது நான் போட்ட தையல் இல்ல சார், அதனால ஒழுங்கா இருந்துச்சு.” இந்த ஜோக் அவருடையது. பழியை என்மேல் போடாதீர்கள்.)

அன்றோடு கணவர் வாயில் பூட்டு. “சாப்டியா?” “கதவைச் சாத்தினியா?” அவ்வளவுதான் பேச்சு. தையல்காரம்மாவும் உதட்டைக் கடித்துக்கொண்டு பழகினார். சிரிப்புப் படம் என்றால் எழுந்து போனார், வாயாடித் தோழியின் போனை எடுக்கவில்லை. தூக்கத்தைக்கூடச் சமாளித்துவிட்டார். ‘இவருக்கு என்மேல் சலித்துவிட்டது’ என்ற நினைப்பைத்தான் சமாளிக்க முடியவில்லை. அந்த வீட்டில் மறுபடி சிரிப்புச் சத்தம் கேட்குமா? எனக்கு இந்தக் கதையில் வேண்டியது அது ஒன்றுதான்.

4

ஆலோசகர் விஷயத்தில் எனக்குச் சந்தேகம். முதல் வரைவில் அவரை மூக்குக் கண்ணாடி போட்ட தெய்வமாக இறக்கிவிட்டேன். வாழ்க்கையைப் பற்றி ஒன்றரைப் பக்கம் பேசினார். தையல்காரம்மா படித்துவிட்டுக் கத்தரிக்கோலைத் தேடினார்.

“அவங்க இப்படி வழவழன்னு பேசவே மாட்டாங்க சார். ‘அப்புறம்?’னு கேப்பாங்க. நாமதான் பேசிப் பேசி ஒரு இடத்துல வந்து நிப்போம்.”

“அவங்ககிட்ட போனதுல தூக்கம் குறைஞ்சுதா?”

“அது மாத்திரை பாடு. எனக்கு வெக்கம் குறைஞ்சுது.”

ஒன்றரைப் பக்கத்தையும் அடித்துவிட்டேன். (நல்ல பக்கம். இன்னும் வயிறு எரிகிறது.)

5

ஆலோசகர் ஒருநாள் கணவரையும் வரச் சொன்னார். சின்ன அறை, மேசையில் தண்ணீர் ஜாடி. கணவர் ஜாடியைப் பார்த்தே பேசினார்.

“நான் வாயைத் திறந்தா இவ விழறா மேடம். என் பொண்டாட்டியை நானே படியிலேர்ந்து தள்ளிவிடச் சொல்றீங்களா?”

தையல்காரம்மா அவர் பக்கம் திரும்பினார். “அதுக்கா பேசாம இருந்தீங்க? என்னைப் பிடிக்காமப் போயிடுச்சுன்னு நினைச்சேன்.”

“பிடிக்காமயா? லூசா நீ?”

“அப்புறம்?” என்றார் ஆலோசகர்.

“விழறது எனக்குப் பழகிடுச்சு மேடம். இவர் வீட்ல இப்படி அளந்து பேசறதுதான் பழகல.” சொல்லும்போதே அழுதுவிட்டார். கணவருக்கும் கண் கலங்கியது. ஜாடியிலிருந்து தண்ணீர் ஊற்றி மனைவியிடம் நீட்டினார், பாதி மேசையில் கொட்டியது.

“சிரிக்கிறதுன்னா நின்னுட்டுத்தான் சிரிக்கணுமா?” என்று கேட்டார் ஆலோசகர்.

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை நாள் இது தோன்றவே இல்லையே! அன்று சாயங்காலமே, கடையில் வாடிக்கையாளர்களுக்காகப் போட்டிருந்த கை வைத்த நாற்காலி வீட்டுக்குப் போய்விட்டது. இப்போது கடைக்குப் போனால் நாங்கள் நிற்கிறோம்.

6

முடிவுகள்:

(அ) அவர் ஜோக் சொல்ல, அந்தம்மா சிரிக்க, ஒன்றும் ஆகாது. அன்பு நோயை வென்றது!

“பொய்” என்றார் தையல்காரம்மா. “கண்டிப்பா தொங்கிடுவேன்.”

(ஆ) கணவர் நிலையத்தில் ஒத்திகை பார்க்கிறார். மைக் திறந்திருக்கிறது. வராத டீக்காக நடைமேடையே காத்துக்கொண்டு—

“என் வேலைக்கு உலை வைக்காதீங்க சார்” என்று கணவரே போன் செய்தார்.

(இ) இனி நடப்பது நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டியது.

சாயங்காலம். தையல்காரம்மா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். இரண்டு பக்கமும் தலையணை. எதிரே ஸ்டூலைப் போட்டு, முழங்கால் இடிக்கிற நெருக்கத்தில் கணவர். தொண்டையைச் செருமுகிறார்.

“பயணிகள் கவனத்திற்கு...”

அதோடு நிறுத்திவிடுகிறார். சொல்லாமல் இருந்து இருந்து விட்டுப்போன பழக்கம், ஒன்றும் வாயில் வரவில்லை. “மறந்துபோச்சும்மா” என்கிறார். “பரவால்ல, நான் எங்க போயிடப் போறேன்” என்கிறார் அந்தம்மா. உதட்டை இப்போது கடிக்கவில்லை.

எனக்கும் ஜோக் எழுத வராது. இவ்வளவு தூரம் படித்த உங்களுக்கே தெரிந்திருக்கும். ஆகவே இடம் விட்டிருக்கிறேன். உங்களிடம் இருப்பதிலேயே நல்லதாக ஒன்றை எடுத்து, அந்த அறிவிப்பாளர் குரலிலேயே, சத்தமாகச் சொல்லுங்கள்:

[                                        ]

தலை தொங்கினால் பயந்துவிடாதீர்கள். கணவர் கை தாங்கப் போய்விட்டது. அந்தம்மாவுக்கு எல்லாம் கேட்கிறது, அதனால் பாதியில் நிறுத்த வேண்டாம். எழுந்ததும் “இன்னொண்ணு” என்பார்.