தாலிஸ் ஒளித்த எண்ணிக்கைத் தாள்

1.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என்னுடையதல்ல, தாலிஸுடையது. பனாமாவில் எங்கள் சோரியோ பேட்டை எரிந்த பிறகு, அகதி முகாமில் அவளுக்கும் எனக்கும் அடுத்தடுத்த கட்டில். எழுதட்டுமா என்று கேட்டேன்.

"எழுது. ஆனா என்னை நல்லவளாக்கிடாதே" என்றாள்.

2.

'அன்று வானம் செக்கச்செவேலென்று' (அடித்துவிட்டேன். வானத்தை எவன் பார்த்தான்? எல்லோரும் கிறிஸ்துமஸ் வேலையில் இருந்தோம்.)

சரி, நேராகவே சொல்கிறேன். எண்பத்தொன்பதாம் வருஷம் மே மாதத் தேர்தலில் எங்கள் தெரு வாக்குச்சாவடிக்குத் தலைவி, பள்ளி ஆசிரியை தாலிஸ். எண்ணி முடித்தபோது எதிர்க்கட்சிக்கு இருநூற்றுப் பதினொன்று, நாட்டை ஆட்டிப்படைத்த ஜெனரலின் ஆளுக்கு அறுபத்துநாலு. சிப்பாய்கள் வந்து வாக்குப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். தேர்தலே செல்லாது என்று வானொலி சொன்னது. ஆனால் எண்ணிக்கைத் தாளின் ஒரு பிரதி அவள் சட்டைக்குள் இருந்தது.

பிடிபட்டால் சிறை. வீட்டில் யாரும் தொடாத இடமாகப் பார்த்து ஒளித்தாள். இயேசு பிறப்புக் குடில் பொம்மைகள் தூங்கும் பெட்டி அது.

டிசம்பர் என்று ஒரு மாதம் வரும் என்பது அந்தப் படித்த மண்டைக்குத் தோன்றவே இல்லை.*

* இந்த இடத்தில் அவளே சிரித்தாள். அதனால்தான் நானும் கிண்டல் செய்கிறேன்.

3.

டிசம்பர் பத்தொன்பது, மதியம். தம்பி எவேலியோ சாப்பிட வந்திருந்தான். ஜெனரலின் தொண்டர் படையில் அவன் துப்பாக்கி தூக்குகிறவன். குடில் வைக்கிறேன் பேர்வழி என்று பெட்டியைத் திறந்தான்.

"அக்கா, மாட்டுக்கு அடியில என்னது இது?"

அவன் படித்தான்.

"அறுபத்துநாலா? நம்ம தெருவுலேருந்து எங்க படையில மட்டும் எண்பது பேரு இருக்கோம்க்கா!"

"அப்ப போயி அவனுங்களைக் கேளு."

"நான் யாருக்குப் போட்டேன்னு கேக்க மாட்டியா?"

"கேட்டா மட்டும் உண்மையைச் சொல்லிருவியாக்கும்."

தாளை மடித்து அவள் கையில் திணித்தான்.

"இதை எடுத்துக்கிட்டு இப்பவே அத்தை வீட்டுக்குக் கிளம்பு. இன்னைக்கு இங்க இருக்காதே."

"என்னையே துரத்துறியா? வீடு என்ன உங்க ஜெனரல் கட்டிக் குடுத்ததா?"

"கெஞ்சிக் கேக்குறேன், போக்கா."

(கெஞ்சினானா என்பது அவளுக்கு ஞாபகமில்லை. அது நான் சேர்த்தது. அவனுக்கு ஏதாவது தெரிந்திருந்ததா, வெறும் கோபமா என்பதும் அவளுக்குத் தெரியாது.)

4.

அன்றிரவு ஜெனரலைப் பிடிக்க அமெரிக்கப் படை வந்திறங்கியது. ஜெனரலின் படைமுகாமை ஒட்டியிருந்த எங்கள் மரவீடுகள் எரிந்தன. அத்தை வீட்டுக்குப் போயிருந்த தாலிஸ் தப்பினாள். எவேலியோ உயிரோடும் கிடைக்கவில்லை, பிணமாகவும் கிடைக்கவில்லை. மே தேர்தலில் ஜெயித்த எதிர்க்கட்சிக்காரர் அன்றிரவே அமெரிக்கரின் படைத்தளத்தில் நாட்டுத் தலைவராகப் பதவியேற்றுவிட்டார். தாலிஸ் காப்பாற்றிய தாளை யாருமே கேட்கவில்லை. எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

5.

ஒரு முடிவு எழுதினேன்: எவேலியோ படைக்குத் திரும்பாமல் வீட்டிலேயே தங்குகிறான். படித்துக் காட்டினேன்.

"தங்கியிருந்தா வீட்டோட எரிஞ்சிருப்பான்."

இன்னொன்று: அக்காவோடு அவனும் கிளம்புகிறான்.

"வந்திருக்க மாட்டான்" என்றாள். கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, "கூப்பிட்டாத்தானே வர்றதுக்கு? நான் கூப்பிடவே இல்லை" என்றாள்.

அதற்குமேல் எனக்கு எழுத வரவில்லை. அவன் வாசலில் நிற்கிறான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு செருப்பை மாட்டுகிறாள். 'நீயும் வாடா' என்று நான் எழுதினால் அது பொய். 'நல்லவளாக்கிடாதே' என்று அவள் உங்களிடம் சொல்லவில்லை, உண்மை உங்களைக் கட்டுப்படுத்தாது. நீங்களாவது அவனைக் கூப்பிடுங்கள்.