மஞ்சள் கோடு

மருத்துவமனையிலிருந்து அப்பாவைக் கொண்டுவருவதற்குள் கூடத்தைக் காலி செய்தாக வேண்டும். அக்கா முந்தானையைச் செருகிக்கொண்டு முதல் காரை வாசலுக்கு உருட்டினாள். தகரக் கார். உருட்ட உருட்ட பெடல்கள் தாமாகவே சுற்றின.

"இத்தனையையும் எப்பவோ பழைய இரும்புக்குப் போட்டிருக்கலாம்," என்றான் தம்பி.

"மெதுவாப் பேசுடா, அவர் காதுல விழும்."

பழக்கத்தில் சொல்லிவிட்டாள். இனி அவர் காதில் எதுவும் விழாது. தம்பி அடுத்த காரைத் தூக்கினான்.

குழந்தைகள் ஏறி ஓட்டும் கார்களைச் செய்யும் தொழிற்சாலையில் அப்பா பெயின்டர். தகரக் காரின் இருபுறமும் அளவுகோல் வைக்காமல், ஒரே மூச்சில் மஞ்சள் கோடு இழுப்பார். அங்கே அவர் பெயரே 'கோடு'தான். அப்புறம் பிளாஸ்டிக் வந்தது. நிறம் அச்சிலேயே கலந்து வந்துவிட, அவரைக் கார்களைப் பெட்டியில் கட்டும் வேலைக்கு மாற்றினார்கள். அதற்கும் பின்னால் பேட்டரி வந்தது; காலால் மிதிக்கும் வேலைகூட இல்லை. அதை விற்கத்தான் தம்பி கடை போட்டான். அப்பா அந்தக் கடைப் படி ஏறியதில்லை.

போன மாதம் தம்பியே ஒரு பேட்டரி காரைக் கொண்டுவந்து, கூடத்தில் அவர் சேர்த்துவைத்திருந்த பழைய கார்களின் வரிசையில் கடைசியாக நிறுத்தினான்.

"இது இல்லாம உங்க வரிசை எப்படிப்பா முடியும்?"

"பிளாஸ்டிக்ல பெயின்ட் நிக்காதுடா," என்றார் அப்பா, நிமிராமல். அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

இப்போது அந்தக் கார்தான் மிச்சம். பின்னால் கிடந்த துணியை எடுக்கக் குனிந்த அக்கா, காரின் சுவர்ப் பக்கத்தை எட்டிப் பார்த்தாள். முன்விளக்கிலிருந்து பின்விளக்கு வரை ஒரு மஞ்சள் கோடு. நடுவில் கொஞ்சம் நடுங்கி, மறுபடி நேராகியிருந்தது. நேற்று நெஞ்சு வலிக்கும் முன் போட்டிருக்க வேண்டும்.

"அதைக் கொல்லைப்பக்கம் போட்டுடறேன்," என்றான் தம்பி. "பிடிக்காததை எதுக்கு அவர் கண்ணு முன்னாடி வச்சுக்கிட்டு?"

"தனியாத் தூக்காத, பேட்டரி கனம். வாசல்லயே வைப்போம், நீ சுவர்ப் பக்கம் பிடி."

வாசலில் இறக்கியதும் தம்பி கையைப் பேன்ட்டில் துடைக்கப் போனான். துடைக்கவில்லை. உள்ளங்கையைப் பார்த்தான். பிறகு காரைச் சுற்றி வந்து குனிந்தான்.

"அக்கா..."

"இன்னும் காயலடா."

தெருவில் வண்டி வந்து நின்றது. தூக்க ஆள் வேண்டும் என்று ஓட்டுநர் குரல் கொடுத்தார். தம்பி காரை வரிசையின் முன்னால் நகர்த்தி, சுவரில் உரசாதபடி ஒரு சாண் தள்ளி நிறுத்திவிட்டுத்தான் போனான்.

கோட்டின் நடுவே அவனுடைய நான்கு விரல்களும் பதிந்திருந்தன.